அந்த நம்பர் பெட்டியில் எங்கே?

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. மேற்கு வங்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்துச் சந்தில் நான் கட்டிக்கொடுத்த லாட்ஜில், இரண்டாவது மாடியில், மகளோடு தங்கியிருந்தார். ஒரு நாள் காலை கழிவறையில் எழுந்து நிற்பதற்காகச் சுவரில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிறார். கம்பி ஒரு முனையில், சுவர்த் தட்டோடு சேரும் இடத்தில், பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. மகள் பின்னாலேயே நின்றதால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். லாட்ஜ் மேனேஜர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் ஆகல சார், வெல்டரை மட்டும் அனுப்புங்க."

வெல்டரோடு நானும் போனேன். உடைந்த கம்பியைக் கையில் எடுத்ததுமே வயிறு என்னவோ செய்தது. எடை அவ்வளவு குறைவு. மற்ற அறைகளையும் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். திருகாணித் தலைகளைச் சுற்றியும் வெல்டிங் ஓரத்திலும் டீக்கறை போலப் பழுப்பு வளையம். தரையில் தண்ணீர் வடியும் ஜாலித் தட்டுகளில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். லாட்ஜ் திறந்து நாலரை மாதம்தான் ஆகியிருந்தது. 42 அறை, அறைக்கு இரண்டு கம்பி. அன்று இருட்டுவதற்குள் 84 கம்பியையும் கழற்ற வைத்துவிட்டேன். கழற்றிய கம்பிகள் படிக்கட்டடியில் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது மனதில் வந்த கேள்வி இன்றுவரை போகவில்லை. அந்த நிமிஷம் அந்த மகள் மருந்து எடுக்கவோ கதவைத் திறக்கவோ போயிருந்தால்?

இதை எழுதிவிட வேண்டும் என்று ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுச் சரக்கு என்றாலே ஏமாற்று என்று சொல்வதற்காக எழுதவில்லை. இப்போதும் நான் அங்கிருந்து வாங்குகிறேன். எங்கே தவறினேன் என்பது ஒரு ஆடிக்கிருத்திகை அன்று என் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எவர்சில்வர் என்ற நம்பிக்கை

வேலூரிலும் காட்பாடியிலும் வேலை செய்யும் நாலு கான்ட்ராக்டர்கள் சேர்ந்து ஒரு கன்டெய்னர் எடுத்தோம். குவாங்சோவில் 1957-இலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிற கான்டன் சந்தைக்கு எங்களில் இரண்டு பேர் போயிருந்தோம். குவாங்டொங் மாகாணத்திலேயே இருக்கிற ஒரு தொழிற்சாலையின் கடையில் கைப்பிடிக் கம்பி, கீல், கதவுக் கைப்பிடி, ஜாலித் தட்டு எல்லாம் பளபளவென்று தொங்கின. கேட்லாக்கில் 304 தர எஃகு என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு கம்பியைச் சாம்பிளாகப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தேன். வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் போட்டு வைத்தேன். ஒரு புள்ளிகூட விழவில்லை. அந்தச் சாம்பிள் இன்றைக்கும் என் கடையில் புதுசு போல இருக்கிறது. சாம்பிள் பொய் சொல்லவில்லை.

அதை நம்பி 600 கம்பிக்கும் மற்ற சாமான்களுக்கும் ஆர்டர் கொடுத்தோம். 30 சதவீதம் முன்பணம். மீதி 70 சதவீதம் கப்பலில் ஏற்றிய பில்லின் நகல் வந்ததும் கட்ட வேண்டும். எல்லோரும் செய்கிற முறைதான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும்போது பணம் முழுவதும் போய்விட்டிருக்கும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வாலாஜா டோல் தாண்டி லாரி இங்கே வந்து நின்ற இரவு, ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஒட்டிப் பார்த்தேன். எதிலும் ஒட்டவில்லை. சுத்தமான எவர்சில்வர் என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காந்தம் ஒட்டவில்லை என்பதற்கு நான் நினைத்த அர்த்தமே இல்லை. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல்தான் விலை. அதைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்துச் செய்வதுதான் 201, 202 போன்ற 200 வரிசை எஃகு. அதிலும் காந்தம் ஒட்டாது. கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, பாலிஷ் போட்டால் இரண்டும் கண்ணாடிதான். உடைந்த கம்பியைச் சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நிக்கல் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், மாங்கனீசு பத்தை ஒட்டி, குரோமியம் பதினாலைத் தொடவில்லை. 202 என்றால்கூடக் குறைந்தது 4 சதவீதம் நிக்கல் இருக்க வேண்டும். இது அதுவும் இல்லை.

எடை விஷயம் இன்னும் எளிது, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. 32 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. கனம் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்குச் சுமார் 920 கிராம் வரும். கனம் 0.8 என்றால் 620 கிராம்தான். எங்களுக்கு வந்தது 0.8. வெல்டிங் பிய்ந்ததற்கும் அதுதான் காரணம்: அவ்வளவு மெல்லிய சுவரில் வெல்டிங் சூடு பட்ட ஓரம் இன்னும் மெலிந்துபோயிருந்தது, அங்கேயே துருவும் பிடித்தது. சமையலறைத் தராசு ஒன்று போதும், வந்த இரவே தெரிந்திருக்கும். நம் வீட்டுப் பெண்கள் பாத்திரக் கடையில் ஒரு குடம் வாங்கினாலும் எடைபோடாமல் வாங்குவதில்லை. நான் 600 கம்பியை எண்ணி வாங்கினேன்.

எஃகின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பாலாற்றுக் கரை நிலத்தடி நீரைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோல் பதனிடும் இடங்களைச் சுற்றிப் பல வருஷமாக இறங்கிய உப்பு அதில் இருக்கிறது. எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் குரோமியம் உண்டாக்கும் மெல்லிய படலத்தால். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத்தான் முதலில் துளைக்கும். அதோடு லாட்ஜில் தினமும் கழிவறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். அந்த ஆசிட் 304-ஐயும் சும்மா விடாது. அதை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் இப்போது எழுதியே வாங்கியிருக்கிறேன். ஆனால் 304 என்றால் மெதுவாகக் கறுத்து நமக்கு நேரம் கொடுத்திருக்கும். இது நாலரை மாதம்தான் கொடுத்தது.

அக்காவின் மேஜை

என் அக்கா பேரணாம்பட்டில் இருக்கிறாள். 22 வருஷமாக ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். தையலில் சேர்ந்து, கடைசிப் பதினாலு வருஷமாக ஃபைனல் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். ஆடிக்கிருத்திகைக்கு ரத்தினகிரி போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கூடத்தில் பரப்பி வைத்திருந்த காகிதங்களைப் பார்த்து என்ன என்று கேட்டாள். விற்றவனோடு சண்டை போடுவதற்காக ஆர்டர், பில், சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல எஸ்.எஸ். கிராப் பார்னுதான் போட்டுக்கீது. எந்த எஸ்.எஸ்.னு எங்கடா?"

"கேட்லாக்ல 304ன்னு இருக்குக்கா."

"கேட்லாக்க யாரு கேட்டா? நீ காசு கட்டின பேப்பர்ல இன்னா கீதுன்னு கேக்குறேன்."

காசு கட்டிய காகிதத்தில் தரம் இல்லை, கனம் இல்லை, எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்பதும் இல்லை. நீளமும் எண்ணிக்கையும் விலையும் மட்டும் இருந்தன. எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்று மட்டும் எழுதி வாங்கினேன், எஸ்.எஸ். அனுப்பிவிட்டான். வக்கீலிடம் போயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் என்னிடம் ஒரு பிடி இருந்தது: எஃகு ஆலையின் சோதனைச் சான்றிதழ். அதில் 304 என்று தெளிவாக இருந்தது, நிக்கல் 8.1 என்று எழுதியிருந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

அவள் விரலை ஒரு எண்ணின் மேல் வைத்தாள். "இது இன்னா நம்பர்?"

"ஹீட் நம்பர்க்கா. எஃகை உருக்கும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் போடுற நம்பர்."

"சரி. அந்த நம்பர் பெட்டியில எங்க கீது?"

பெட்டியில் அது எங்குமே இல்லை. கம்பியிலும் இல்லை, லேபிளிலும் இல்லை, பேக்கிங் பட்டியலிலும் இல்லை. அவளுக்கு எஃகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தோல் கட்டு வந்து இறங்கும்போது அதன் மேல் ஒரு லாட் நம்பர், அதாவது தொகுதி எண், இருக்கும்; ஆய்வக அறிக்கையிலும் அதே நம்பர் இருக்கும்; கட்டிங்கிலிருந்து ஷூ பெட்டி வரை அந்த நம்பர் கூடவே வரும். எங்காவது அறுந்தால் அந்த அறிக்கை வெறும் தாள். இது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. என் கையில் இருந்த சான்றிதழ் பொய்யாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கோ ஒரு 304 எஃகுச் சுருள் நிஜமாகவே இருந்திருக்கும், அதைப் பற்றி அந்தத் தாள் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். என் கம்பிக்கும் அந்தச் சுருளுக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் தன் மேஜையைப் பற்றிப் பேசினாள். இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "ஷூ செக் பண்ற வேலை" என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். வெளிநாட்டு பையரின், அதாவது ஷூவை வாங்குபவரின், ஆள் வரும்போது அவர் கையெழுத்துப் போட்டு ஒட்டிய சாம்பிள் ஜோடி மேஜையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கவே ஆரம்பிக்க மாட்டார். ஆயிரம் ஜோடி என்றால் அவரே கைபோன போக்கில் பெட்டிகளைக் காட்டி எண்பது ஜோடி எடுப்பார், கம்பெனிக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்க மாட்டார். பெரிய குறை ஐந்து வரை விடலாம். ஆறாவது வந்தால் லாட் முழுவதும் நின்றுவிடும். ஷூவுக்குள் ஆணி முனையோ உடைந்த ஊசியோ ஒன்று கண்டாலும் நின்றுவிடும், அதற்கு எண்ணிக்கை கிடையாது. அவள் சொன்ன இந்தக் கணக்கு ஐ.எஸ்.ஓ. 2859 என்ற தரநிலையின் அட்டவணை என்பதும், நம் நாட்டில் அதுவே ஐ.எஸ். 2500 என்பதும் பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. 501-இலிருந்து 1,200 வரை உள்ள லாட்டுக்கு 80. எங்கள் 600 கம்பி அந்த வரிசையில்தான் வருகிறது. அக்கா அதை மனப்பாடமாகச் சொன்னாள்.

"எண்பது பாக்குறது தையலுக்கு, ஒட்டுக்குடா. தோலே தப்புன்னா எண்பது எதுக்கு? ஒண்ணு வெட்டிப் பாத்தா போதும். அதுவும் கடைசில பாத்து புண்ணியமில்ல. வெட்டுறதுக்கு முன்னாடி பாக்கணும்."

நாமும் அந்தப் பக்கம் நின்றவர்கள்தான்

தூக்கம் வராமல் நான் யோசித்தது இதைத்தான். வட ஆற்காட்டுக்காரன் ஒருவனுக்கு இது தெரியாமல் போனது எப்படி? இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கள் நெடுஞ்சாலை முழுக்க வெளிநாட்டுக்காரன் தரம் பார்த்து வாங்கும் ஊர்கள். 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது இங்கே தோல்காரர்கள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவில் தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் என்ற, அரிப்பு உண்டாக்கும் வகைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டிவிட்டால் விற்கவே முடியாது. ஒரு கிலோவில் மூன்று மில்லிகிராம்! அதற்கு ஒவ்வொரு லாட்டும் ஆய்வகம் போய் வருகிறது. எங்கோ ஒரு குழந்தையின் பாதத்தில் அரிப்பு வரக் கூடாது என்று என் அக்கா பதினாலு வருஷமாக நிற்கிறாள். அந்தக் கவனம் எல்லாம் வெளியே அனுப்புவதற்கு மட்டும்தான் என்று நான் எப்படியோ நினைத்திருக்கிறேன். நமக்கென்று வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தேன்.

விலையைப் பற்றியும் அக்கா ஒன்று சொன்னாள், அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சரி. பையர் ஜோடிக்கு விலையைக் குறைத்தால் கம்பெனியும் உள்ளே போடும் லைனிங்கை மாற்றத்தான் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், மாற்றுகிறோம் என்று எழுதிக் கேட்டு, புதுச் சாம்பிளுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் மாற்றுவார்கள். நான் சந்தையில் மூன்று முறை பேரம் பேசிச் சென்னை விலையில் பாதிக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறையும் அந்த விற்பனைப் பெண் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுத் தலையாட்டினாள். மூன்றாவது தலையாட்டலில் எஃகு மாறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அவர்கள் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். கேட்லாக்கில் ஒன்றைப் போட்டு, பொருந்தாத சான்றிதழையும் இணைத்து அனுப்பியது ஏமாற்றுதான். நஷ்டத்தைக் கேட்டபோது அடுத்த ஆர்டரில் 8 சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றார்கள். நான் மறுபடி அவர்களிடம் போகவில்லை.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் நாலு பேரில் இன்னொருவர் தன் கல்யாண மண்டபத்தில் போட்டதைக் கழற்றிவிட்டார். மற்ற இருவர் "யாரும் விழலையே" என்கிறார்கள். ஆய்வக அறிக்கையின் நகலை இருவருக்கும் கொடுத்திருக்கிறேன், நேரில் போய் எடையையும் போட்டுக் காட்டினேன். ஒருவர் மூன்று அறை மட்டும் மாற்றியிருக்கிறார். அந்த 600-இல் இருநூறுக்கு மேல் இன்னும் ஏதேதோ குளியலறைச் சுவர்களில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அவர்களுக்குப் போன் செய்கிறேன், எரிச்சல்படுகிறார்கள், பரவாயில்லை.

இரண்டாவது கன்டெய்னர்

அடுத்த ஆர்டருக்கு நாலு மாதம் எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் எழுதினேன்: 304, நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாமல், குழாய்ச் சுவர் 1.2 மி.மீ.; உப்புத் தெளிப்புச் சோதனை எத்தனை மணி நேரம்; பெட்டியின் மேல் ஹீட் நம்பர். தாங்க வேண்டிய எடைக்கு அமெரிக்க மாற்றுத்திறனாளி விதியில் உள்ள 250 பவுண்டை, அதாவது சுமார் 113 கிலோவை, எடுத்துக்கொண்டேன். அதைத் தாளில் எழுதினால் போதாது என்று எங்கள் கிடங்குச் சுவரில் சாம்பிளைப் பொருத்தி, இரண்டு சிமெண்ட் மூட்டையும் அரை மூட்டை மணலும் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க வைத்தோம். சிமெண்ட், முறுக்குக் கம்பி போன்ற கட்டாய ஐ.எஸ்.ஐ. பொருள்களுக்கு இந்தப் பாடு குறைவு. வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கும் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தரநிலை அமைப்பின் உரிமம் உண்டு, அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். என் கம்பிக்கு அப்படி ஒரு வசதி இல்லை என்பதால் நானே எழுத வேண்டியிருந்தது.

வங்கி மேனேஜரிடம் லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது விற்பவர் குறித்த தாள்களைக் காட்டினால் வங்கியே பணம் கட்டும் ஏற்பாடு, போட்டால் பாதுகாப்பா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், மழுப்பாமல் சொன்னார். உலக வங்கிகள் எல்லாம் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணத்தை மட்டும்தான், சரக்கை அல்ல. தாள்கள் சரியாக இருந்தால் பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் பணம் போய்விடும். ஆனால் எந்தெந்தத் தாள் வேண்டும் என்று சொல்வது நாம்தான். மூன்றாம் நபர் ஆய்வுச் சான்றிதழையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்றார். அந்த ஒரு வரியைச் சேர்த்தோம்.

ஆய்வாளருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 டாலர் ஆனது. முதல் முறை, அக்கா சொன்னபடி, வெட்டுவதற்கு முன்னால் போனார். குழாய் வந்து இறங்கிய அன்றே எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கி என்ற கைக்கருவியை வைத்து உலோகக் கலவையைப் பார்த்துப் படம் அனுப்பினார். நிக்கல் 8.06. இரண்டாம் முறை பேக்கிங் முடிந்ததும் 700 கம்பியில் 80 எடுத்தார். ஒன்பதில் வெல்டிங் முனை சொரசொரப்பாக, கை கிழிக்கும்படி இருந்தது. ஐந்துக்கு மேல் போய்விட்டதால் லாட் நின்றது. புதுத் தொழிற்சாலைக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நீங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள், தேய்த்துத் தருகிறோம் என்றார். மூன்று வாரம் தள்ளிப்போனது. எங்கள் கட்டடத்தில் டைல்ஸ் மேஸ்திரி சும்மா உட்கார்ந்திருந்தார், லாட்ஜ் முதலாளி தினமும் திட்டினார். மூன்றாம் முறை ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது குறை இரண்டுதான். மூன்று நாள் செலவையும் பிரித்துப் பார்த்தால் ஒரு கம்பிக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது. அதை மறைக்காமல் என் பில்லில் தனி வரியாகப் போட்டேன்.

சாம்பிளுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சு வந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே குழாயிலிருந்து செய்த இரண்டு கம்பியை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் போனேன். அக்கா முதலில் மறுத்தாள், "எனக்கு இன்னாடா தெரியும் இரும்பப் பத்தி" என்றாள். அப்புறம் வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், வெல்டிங் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள், எடையைத் தராசில் பார்த்து ஸ்டிக்கரில் எழுதினாள். ஸ்டிக்கரைப் பிரித்தால் அறுபடும்படி, ஸ்டிக்கரிலும் கம்பியிலும் குறுக்கே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள். ஒன்று கூரியரில் போனது, ஒன்று என் கடையில் இருக்கிறது.

மூன்றாம் ஆய்வின் அறிக்கையில் அறுபதுக்கு மேல் படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு தராசு, அதன் மேல் புதுக் கம்பி, பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்ட கம்பி. குவாங்டொங்கில் ஏதோ ஒரு மேஜை மேல், ஸ்டிக்கரில் அவள் பெயர் தமிழில். பஸ்ஸில் இருந்திருப்பாள் போல, பதில் வர அரை மணி நேரம் ஆனது. "எடை நாலு கிராம் கம்மியா கீதே, அது ஓகேவான்னு கேட்டியா?" என்று எழுதியிருந்தாள்.